கமிஷனிங்: ‘ஆணையிடல்’ வேண்டாம்

பொருள்: மறு: பேக்கிங் மெஷின் ‘கமிஷனிங்’, தமிழில் என்ன?

குன்னூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். தேயிலை பேக்கிங் மெஷின் கையேட்டு வரைவில் கமிஷனிங்கை ‘ஆணையிடல்’ என்று போட்டிருக்கிறது. தவறு. இங்கே யாரும் ஆணையிடவில்லை; புது மெஷினை உற்பத்திக்குத் தயார் செய்கிறோம். தேருக்குச் சொல்லும் ‘வெள்ளோட்டம்’ பொருந்தும் என்பது என் கருத்து.

கோத்தகிரியிலிருந்து:

> ‘வெள்ளோட்டம்’ பொருந்தும்

சொல் அருமை ஐயா. ஆனால் மொத்த வேலைக்கும் வைக்கக்கூடாது. தேர் வெள்ளோட்டத்தில் உற்சவர் ஏறுவதில்லையே! அதுபோல பாக்கெட்டுக்கான பிலிம் ரோலும் தேயிலைத் தூளும் இல்லாமல் ஓட்டுவதுதான் வெள்ளோட்டம். மோட்டார் சுற்றும் திசை, எமர்ஜென்சி சுவிட்ச், கதவைத் திறந்ததும் மெஷின் நிற்கிறதா, இவற்றோடு காற்றழுத்தத்தையும் பார்க்க வேண்டும். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். கம்ப்ரசர் இழுக்கும் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மெதுவாக ஓடும்போது அழுத்தமானியில் 6 பாரில் நிற்கும் முள், வேகம் கூடியதும் இறங்கும். காற்றில் இயங்கும் ஜா (பிலிமைச் சூட்டோடு அழுத்தி ஒட்டும் தாடை) சரியாக அழுத்தாது, சீல் பிரியும். அதனால் வெள்ளோட்டமும் முழு வேகத்தில் நடக்க வேண்டும்.

அடுத்து ரோலை மட்டும் மாட்டி ஓட்டுவதை ‘சுருளோட்டம்’ எனலாம். பாக்கெட் நீளம், பிலிமில் உள்ள கறுப்புக் குறியைச் சென்சார் பிடிக்கிறதா, சீல் சூடு, மூன்றும் இங்கேதான் சரியாக வேண்டும். நிமிடத்துக்கு 20 பாக்கெட்டில் அமைத்த சூடு 40-க்கு உதவாது. ஜா பிலிமைப் பிடித்திருக்கும் நேரம் பாதியாகிவிடும்.

கடைசியாகத் தேயிலையோடு ஓட்டுவது ‘சரக்கோட்டம்’. பாக்கெட்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். சீலில் கறுப்புப் புள்ளிகள், அதே இடத்தில் சரம்சரமாகக் குமிழி வந்தால், தூள் விழுந்து முடிவதற்குள் ஜா மூடியிருக்கிறது. உடனே சூட்டை ஏற்றுவார்கள். பிலிம் சுருங்குமே தவிர ஒழுகல் நிற்காது. மாற்ற வேண்டியது தூள் விழும் நேரத்தை.

குன்னூரிலிருந்து:

உற்சவர் விஷயத்தை யோசிக்கவில்லை, ஏற்கிறேன். ‘சரக்கோட்டம்’ லாரிப் போக்குவரத்துபோல ஒலிக்கிறதே? ‘நிறையோட்டம்’ என்றால்?

கோத்தகிரியிலிருந்து:

நிறை என்றதும் எடை நினைவுக்கு வரும். நம் தொழிற்சாலைகளில் தேயிலையைச் ‘சரக்கு’ என்றுதான் சொல்கிறோம். ஆபரேட்டருக்கு விளக்கவே வேண்டாம். மூன்று சொல்லாகப் பிரிப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. அளவுக் கப்பில் நிரப்பும் மெஷினில் டஸ்டை (பொடியான தூள் ரகம்) நிறுத்தி இலைத் தூளுக்கு மாறினால், அதே கப்பில் எடை குறையும். அப்போது கையேட்டில் ‘சரக்கோட்டம் மட்டும்: கப்பை மாற்றியமைத்து, முழு வேகத்தில் 30 பாக்கெட் எடை பார்க்கவும்’ என்று ஒரே வரியில் எழுதலாம். ரோல் மாறினால் சுருளோட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். மோட்டாரைக் கழற்றி மாட்டினால் வெள்ளோட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

குன்னூரிலிருந்து:

சரி, மூன்றையும் வரைவில் சேர்க்கிறேன். மொத்தத்துக்கு ‘ஓட்டச் சோதனை’ என்று வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.