ஸ்லாத்தும் சிறு பாடும் பறவையும்: ஒப்பீட்டு அட்டவணையில் எதைப் போடலாம்?

கேள்வி
12 கிராம் பாடும் பறவை ஒன்றையும் 4 கிலோ மூவிரல் ஸ்லாத்தையும் (மரக்கிளையில் தொங்கி வாழும், மிக மெதுவாக நகரும் பாலூட்டி) ஒப்பிட்டு மாணவர்களுக்கு அட்டவணை தயாரிக்கிறேன். ஆற்றல் செலவை ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று வகுத்துப் போட்டால் போதுமா? ஸ்லாத் 20 மணி நேரம் தூங்கும் என்று எழுதலாமா?

பதில் 1
வகுத்தால் மட்டும் போதாது. அடிப்படை வளர்சிதை மாற்றம், அதாவது ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றல், ஏறக்குறைய எடையின் 0.75 அடுக்கில் கூடுகிறது. இங்கே எடை விகிதம் 333. ஒரு கிராமுக்கான செலவு எடையின் 0.25 அடுக்கில் குறையும் என்பதால் அந்த விகிதத்தின் நான்காம் படிமூலத்தை எடுக்க வேண்டும்: 4.3. அதாவது உடல் சிறியது என்ற ஒரே காரணத்தாலேயே பறவையின் ஒவ்வொரு கிராமும் 4 மடங்குக்கு மேல் செலவழிக்கும். அதை நீக்கிய பிறகு மிஞ்சுவதுதான் பேச வேண்டிய வேறுபாடு: ஸ்லாத் தன் எடைக்கு எதிர்பார்க்கும் அளவில் பாதியைக்கூட எட்டாது, பாடும் பறவை அந்த அளவைத் தாண்டி நிற்கும். இரண்டு விலகல்களையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

பதில் 2
எடையிலேயே ஒரு சிக்கல் உண்டு. ஸ்லாத்தின் வயிற்றில் கிடக்கும் இலை மட்டுமே உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை வரும். அந்த இலையை நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்துச் செரிக்கப் பல நாட்கள் ஆகும். மலம் கழிக்க வாரம் ஒரு முறை போலத்தான் தரைக்கு இறங்கும். உடல் குளிர்ந்தால் நொதித்தல் மந்தமாகி, வயிறு நிறைந்திருந்தும் பட்டினியாகிவிடும். சிறு பறவை தின்ற பழத்தின் விதையோ ஒரு மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும்.

உடல் வெப்பநிலைக்கு ஒரே எண்ணைப் போடாதீர்கள். பறவைக்கு 40 டிகிரி செல்சியசுக்கு மேல் என்பது பகல் கணக்கு. கருந்தலைச் சிக்கடி (வட அமெரிக்கச் சிறு பறவை) போன்றவை குளிர் இரவில் அதிலிருந்து சுமார் 10 டிகிரி குறைத்துக்கொள்கின்றன. ஸ்லாத்தின் வெப்பம் சூழலோடு ஏறி இறங்கும்.

பதில் 3
20 மணி நேரம் வேண்டாம். பனாமா காட்டு ஸ்லாத்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்து 2008-இல் வெளியான ஆய்வில் கிடைத்தது நாளுக்குச் சுமார் 9.6 மணி. அசையாமல் தொங்குவதெல்லாம் தூக்கம் அல்ல.

கிளையைப் பிடித்திருக்கும் விதத்தையும் அட்டவணையில் சேர்ப்பதாக இருந்தால் கவனம்: கால் மடங்கியதும் பறவையின் விரல்கள் தானே இறுகும் என்ற பாடநூல் விளக்கம் எல்லாப் பறவைக்கும் பொருந்தாது. ஸ்டார்லிங் என்ற மைனா குடும்பப் பறவையைப் பற்றி 2012-இல் வெளியான ஆய்வில், தூங்கும் பறவையின் முன்விரல்கள் சரியாக மடங்கக்கூட இல்லை. பாதத்தின் நடுப்பகுதியில் சமநிலைப்படுத்தியே நின்றன.