வாரம் ஒரு நாள் திரையைத் தொடாமல் இருப்பது எப்படி?

கேள்வி: கண்டனூர்க்காரன்
காரைக்குடியில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியையும் மடிக்கணினியையும் தொடுவதில்லை என்று மூன்று மாதமாக உறுதி எடுத்து, ஒவ்வொரு வாரமும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தோற்றுப்போகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் அன்று காலையில்தான் ஆத்தாவை வாட்ஸ்அப்பில் அழைப்பார். கறிக்கடைக்குப் போனால் ஜிபே. அதற்காகக் கையில் எடுத்தால் ஒரு மணி நேரம் போன இடம் தெரிவதில்லை. விடாமல் கடைப்பிடிப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி: பள்ளத்தூர் ஆச்சி
தம்பி, ஞாயிறு விடிந்த பிறகு தொடங்குவதுதான் பிழை. யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளியன்று பொழுது சாயும்போது தொடங்கிச் சனி இரவில் முடிவதைப் போல, நாங்களும் சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லோருடைய கைப்பேசிகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, மறுநாள் விளக்கு வைத்த பிறகே எடுக்கிறோம். அதில் ஓர் இரவு தூக்கத்திலேயே கழிந்துவிடுகிறது (இதை ஏமாற்று வேலை என்பார் எங்கள் வீட்டு ஐயா). சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியிருப்பதால், ஞாயிறு இரவு ஏழு மணிக்குப் பேசினால் அண்ணனுக்கு ஒன்பதரைதான். கறிக்கடைக்கு முந்தின நாளே ரொக்கம் எடுத்து வைத்துவிடுங்கள்.

கைக்கு வேலை இல்லாவிட்டால் மனம் அலமாரியையே சுற்றும். நான் பரணில் கிடந்த பல்லாங்குழியை இறக்கினேன். குழிக்கு ஐந்தாக 14 குழிகளுக்கு 70 புளியங்கொட்டைகள்; ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் பசு, குழிக்குரியவர் எடுத்துக்கொள்ளலாம். என் பசுவை நான் கவனிக்காமல் விட்டால் பேத்தி வாயைத் திறக்கமாட்டாள், உதட்டோரச் சிரிப்புதான் காட்டிக்கொடுக்கும். போன வாரம் இரண்டு கொட்டைகள் குறைய, வளவுத் தூண்களின் அடியில் அவற்றைத் தேடியதிலேயே முற்பகல் முடிந்தது.

மறுமொழி: தேவகோட்டைவாசி
பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தனியாக இருக்கும் வயதான அப்பச்சியிடமிருந்து எந்த நேரமும் அழைப்பு வரலாம். இணையத்தை மட்டும் அணைத்துவிட்டு, 'தொந்தரவு செய்ய வேண்டாம்' வசதியில் குடும்பத்தினரின் எண்களுக்கு விலக்கு அளித்திருக்கிறேன். ஆண்ட்ராய்டில் ஒருவரே 15 நிமிடங்களுக்குள் மறுபடி அழைத்தால் மணி ஒலிக்கும்படியும் வைக்கலாம். ஆனால் ஒருவர் மட்டும் விரதம் இருந்தால் நிலைக்காது என்பதில் ஆச்சியோடு ஒத்துப்போகிறேன். மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் ஒரு கிராமமே 2022இல் மாலை ஏழு மணிக்குச் சைரன் ஒலித்ததும் ஒன்றரை மணி நேரம் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் அணைக்கத் தொடங்கியது.

கண்டனூர்க்காரன்
அண்ணன் இரவு ஏழு மணிக்கு ஒப்புக்கொண்டார். அலமாரிச் சாவியை ஆத்தாவிடம் கொடுக்கலாம் என்றால், நாடகம் பார்க்கும் தொலைக்காட்சியும் இதில் சேருமா என்று அவர் கேட்கிறார். ஆச்சி, உங்கள் வீட்டில் அதற்கு என்ன ஏற்பாடு?