கம்பிக் கதவில் பூட்டுத் தொங்கினால் திருடனுக்கு அழைப்பிதழா?

திண்டுக்கல்லார்: நேற்று இன்னோர் இழையில் ஒரு தம்பி எழுதியிருந்தார்: "கம்பிக் கதவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கினால், வீட்டில் ஆளில்லை என்று நாமே திருடனுக்குச் சொல்வது போல." அதற்கு நாற்பது லைக் வேறு. படித்ததும் காப்பி இறங்கவில்லை. இங்கே சிங்கப்பூர் யீஷூனில் 26 வருடமாக என் கதவில் திண்டுக்கல் பூட்டுதான். ஒரு செருப்புகூடக் காணாமல் போனதில்லை. கையால் செய்யும் பூட்டு ஐயா அது! 2019இல் புவிசார் குறியீடே கொடுத்தார்கள்.

பொங்கோல் பையன்: அந்தத் தம்பி நான்தான். பூட்டு நல்லதா கெட்டதா என்று நான் பேசவே இல்லை அண்ணே. வெளியே தொங்குகிறதே, அதைத்தான் சொன்னேன். காரிடாரில் எட்டு வீடு. ஒன்றில் மட்டும் வெளியே பூட்டு. எந்த வீடு காலி என்று கண்டுபிடிக்க அவன் டியூஷனா போகணும்? டிஜிட்டல் பூட்டென்றால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று வெளியே தெரியாது. அப்புறம், உங்கள் பூட்டுக்கு 26 வயது என்றால் அந்தக் குறியீடு வருவதற்கு முன்பே வாங்கியது.

திண்டுக்கல்லார்: குறியீடு வந்த பிறகுதான் பூட்டு பூட்டுமா? பேட்டரி தீர்ந்தால் வாசலில் நின்று பாடுவீர்களா?

பொங்கோல் பையன்: தீரும் முன்பே கத்தும். அப்படியும் தீர்ந்தால் 9 வோல்ட் பேட்டரியை வெளியே அதற்கான இடத்தில் வைத்துத் திறக்கலாம். பெரும்பாலான பூட்டுகளில் அந்த வசதி உண்டு.

திண்டுக்கல்லார்: ஆக, சொந்த வீட்டுக்குள் போகப் பேட்டரி வாங்கக் கடைக்கு ஓடணும். நல்லது.

தேக்கா மீனா: இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லையா? 2024 ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்டு முதல் வாரத்துக்குள் புக்கிட் தீமா சாலை, ரயில் பாதைப் பசுமை வழி பக்கம் 10 தனி வீடுகளில் கன்னம் வைத்தார்களே, 38 லட்சம் வெள்ளிக்கு மேல் போனதே. வெளிநாட்டுக் கும்பல் என்று காவல்துறையே சொன்னது. அங்கே போனது நகையும் பணமும். அதைப் பற்றிப் பேசுங்கள்.

திண்டுக்கல்லார்: அது தரைவீடு அம்மா, நம்மைப் போல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு இல்லை. அந்தப் பணக்காரர்கள் எல்லாம் டிஜிட்டல் பூட்டுதான் வைத்திருப்பார்கள், பார்த்தீர்களா?

பொங்கோல் பையன்: நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?

உட்லண்ட்ஸ் சுலைமான்: கேமரா வையுங்கள், முடிந்தது. 2023 மே மாதத்திலிருந்து காரிடார் பக்கம் கேமரா வைக்க அனுமதி கேட்க வேண்டாம். எதிர்வீட்டுக் கதவையோ சன்னலையோ பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

தேக்கா மீனா: அவ்வளவுதான் என்கிறீர்கள். என் பக்கத்து வீட்டம்மா கேமரா என் செருப்பு அலமாரியைத்தான் பார்க்கிறது. கேட்டால் திருடனுக்காம்.

சுலைமான்: அலமாரியைக் காரிடாரில் வைத்தது யார்? தீ வந்தால் ஓட வழி வேண்டாமா?

தேக்கா மீனா: ஓ, இப்போது திருடி நான்தானா!

யாழ் வாசகன்: ஒரு சந்தேகம். அது ஆமைப் பூட்டுத்தானே? தொங்கும் பூட்டை யாழ்ப்பாணத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

திண்டுக்கல்லார்: ஆமையும் இல்லை முயலும் இல்லை. மாங்காய்ப் பூட்டு. திண்டுக்கல் வந்து கேளுங்கள்.

யாழ் வாசகன்: கேட்டது குற்றமா?

பொங்கோல் பையன்: அவரிடம் எதுவும் கேட்கக் கூடாது அண்ணா. போன தீபாவளிக்கு முறுக்கு மாவு இழையிலும் இப்படித்தான், கடைசிவரை அரிசி மாவுக்கு உளுந்து எவ்வளவு என்று சொல்லவில்லை.

திண்டுக்கல்லார்: முறுக்கை இழுக்காதே தம்பி. உன் மச்சான் டிஜிட்டல் பூட்டு மாட்டுகிற வேலையில்தானே இருக்கிறான்? எனக்குத் தெரியாதா?

பொங்கோல் பையன்: அவன் ஏர்கான் கழுவுகிறான்! சரி, ராத்திரி உள்பக்கம் பூட்டிச் சாவியை எங்கே வைப்பீர்கள்?

திண்டுக்கல்லார்: சன்னல் பக்கத்து ஆணியில். தீ வந்தால் உடனே எடுக்கலாம்.

பொங்கோல் பையன்: காரிடார் சன்னலா? கம்பில் கொக்கி கட்டி விட்டால் திருடனும் உடனே எடுக்கலாம்.

திண்டுக்கல்லார்: 26 வருடமாக எவனும் எடுக்கவில்லை. அடுத்த மாதம் மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம். அதே பூட்டைத்தான் வெளியே தொங்கவிட்டுப் போவேன்.

பொங்கோல் பையன்: ஐயோ அண்ணே, அதையும் இங்கேயே எழுதிவிட்டீர்களா!

திண்டுக்கல்லார்: எழுதினால் என்ன? லீவர் பூட்டு, உள்ளே இருக்கும் தகடுகளைச் சரியான சாவி தூக்கினால்தான் திறக்கும். திறந்து காட்டச் சொல்.

தேக்கா மீனா: அலமாரி விஷயத்துக்கு யாராவது பதில் சொல்லுங்களேன்.