ஆங்கில 'வேர்' (were) தன் ரகரத்தை எங்கிருந்து பெற்றது?

ஏட்டுச்சுவடி:
ஆங்கிலத்தில் 'இருந்தது' என்பதற்கு ஒருமையில் 'வாஸ்' (was), பன்மையில் 'வேர்'. ஆங்கிலம், ஜெர்மன், கோத்திக் ஆகியவற்றின் தாய்மொழியான ஆதி ஜெர்மானியத்தில் *வெஸனன் (தங்கு, இரு) என்ற வினை இருந்ததாம். இறந்தகாலம் *வஸ், *வேஃஸுன் (ஃஸ் என்பது ஆங்கில z ஒலி). எந்த ஏட்டிலும் இல்லாததால்தான் முன்னால் நட்சத்திரக் குறி. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற ஆயர், இன்று வழக்கொழிந்த கோத்திக் மொழியில் செய்த பைபிளில் 'வஸ்', 'வேஸுன்' என்று இரண்டிலும் ஸகரம். கையில் உள்ள சான்றை விட்டுவிட்டு ஊகத்தை ஏன் நம்ப வேண்டும்?

வேர்தேடி:
ஏடு பழையது என்பதற்காக அதிலுள்ள ஒவ்வொரு வடிவமும் பழையதாகிவிடாது, நண்பரே. சமஸ்கிருத 'வஸ்' இதே வேர்தான். நாம் சொல்லும் 'வசிப்பது' அங்கிருந்து வந்தது. அதில் ஒருமை 'உவாஸ', அழுத்தம் வேரில். பன்மை 'ஊஷுஃ', அழுத்தம் விகுதியில். ஜெர்மானியத்தில், அழுத்தம் ஸகரத்துக்குப் பின்னால் விழும்போது ஸகரம் அதிர்ந்து ஃஸ் ஆகும். அந்த ஃஸ்தான் பிறகு ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் ரகரமாயிற்று. 1870களில் இதைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் கார்ல் வெர்னர். கோத்திக் பிறகு இரண்டையும் ஸகரமாக்கிச் சமன் செய்துகொண்டது.

ஏட்டுச்சுவடி:
சமன் செய்தது என்பதற்கு என்ன ஆதாரம்?

வேர்தேடி:
அதே கோத்திக்கில் 'எனக்குத் தேவை' என்றால் 'தர்ஃப்', 'எங்களுக்குத் தேவை' என்றால் 'தோர்பும்'. ஃப் (f) அதிர்ந்து ப் (b) ஆகிறது. அதே விதி இங்கே தப்பிப் பிழைத்திருக்கிறது.

மாணவி:
நான் ஜெர்மன் வகுப்பில் 'இருந்தது, இருந்தன' என்பதற்கு 'வார், வாரன்' என்று மனப்பாடம் செய்தேன். அங்கே இரண்டிலும் ரகரம்தானே?

வேர்தேடி:
நல்ல இடத்தைத் தொட்டீர்கள்! பழைய ஜெர்மனில் 'வஸ், வாருன்' என்றுதான் இருந்தது. அப்புறம் ஒருமையும் ரகரமாயிற்று. கோத்திக் ஒரு பக்கம் சாய்ந்தது, ஜெர்மன் மறுபக்கம். ஆங்கிலம் இரண்டையும் வைத்துக்கொண்டது.

ஏட்டுச்சுவடி:
சரி, அந்த ஃஸ் ஒலியை யாராவது எழுதி வைத்தார்களா?

வேர்தேடி:
டென்மார்க்கின் கல்லெஹுஸில் 1734இல் கிடைத்த பொற்கொம்பு, சுமார் கி.பி. 400. அதில் 'ஹ்லெவகஸ்திஃஸ்' என்று செய்தவன் பெயர். அந்தக் கடைசி ஒலிக்கு, பழைய ஜெர்மானியர்களின் ரூன் எழுத்து வரிசையில் தனி எழுத்தே உண்டு. பெயரின் பின்பாதியான 'கஸ்திஃஸ்' என்றால் விருந்தாளி. அதுவே ஸ்காண்டிநேவியரின் பிற்கால மொழியான நார்ஸில் 'கெஸ்த்ர்'. ஃஸ் ரகரமானது கண்முன் தெரிகிறது. கொம்பு 1802இல் திருடப்பட்டு உருக்கப்பட்டது. பழைய வரைபடங்கள்தான் மிச்சம். நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஏட்டுச்சுவடி:
ரகரத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் *வேஃஸுனில் நெடில் ஏ எப்படி வந்தது? உங்கள் 'ஊஷுஃ'வில் ஏகாரமே இல்லையே.

வேர்தேடி:
நியாயமான கேள்வி. ஜெர்மானியத்தில் 'உண்' என்று பொருள்படும் வினையின் இறந்தகாலத்தில் நெடில் இயல்பாகவே வரும். அதைப் பார்த்து மற்ற வினைகளுக்கும் பரவியது என்பார்கள். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் இதில் அறிஞர்கள் இன்னும் ஒரே முடிவுக்கு வரவில்லை.