பெரிய வீட்டுக் குழுவில் ஒரு செம்மணிப் படம்

ரவி மாமா: 📷 (பலமுறை பகிரப்பட்டது) யாழ்ப்பாணம் செம்மணிப் புதைகுழியில் தாயும் பிள்ளையும் கட்டிப்பிடித்தபடி, எலும்புக்கூடாக. எல்லாருக்கும் அனுப்புங்கோ, உலகம் பார்க்கட்டும்.

லலி சித்தி (ரொறன்ரோ): ஐயோ கடவுளே. இங்கே கோயில் குழுவுக்கும் போட்டுவிட்டேன் ரவி அண்ணா 😭

துஷி: மாமா, உது ஏஐ படம். எலும்பின் நிறத்தைப் பாருங்கோ, பற்பசை விளம்பரம் மாதிரி வெள்ளை. இத்தனை வருடம் மண்ணுக்குள் கிடந்த எலும்பில் மண்ணின் நிறம் ஏறியிருக்கும்.

ரவி மாமா: ஏஐயோ என்னவோ. நடந்தது பொய்யா?

துஷி: பொய்யில்லை, அதனால்தான் சொல்கிறேன். 2025 இல் செம்மணியில் இருக்கிற சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை கட்ட வெட்டியபோது எலும்பு வந்தது. பிறகு நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டி, 200க்கு மேல் எலும்புக்கூடுகளை அடையாளம் கண்டார்கள். ஒரு பிள்ளையின் எலும்போடு நீலப் புத்தகப்பையும் பொம்மையும் கிடந்தன. அதற்கு மேல் என்ன படம் வேண்டும்? மறுக்கிறவனுக்கு இந்த ஒரு பொய்ப்படம் போதும். இதைத் தூக்கிக் காட்டி, புத்தகப்பையும் சோடனை என்பான்.

பெரியப்பா: பிள்ளை சொல்வது சரி. ரவி, பள்ளி மாணவி கிருசாந்தியின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் சோமரத்ன ராஜபக்ச 1998 இல் நீதிமன்றத்தில் என்ன சொன்னார்? செம்மணியில் 300, 400 பேரைப் புதைத்திருக்கிறது என்றார். அடுத்த வருடம் தோண்டி 15 பேரின் எலும்பை எடுத்தார்கள், அதோடு விட்டார்கள். 26 வருடம் அந்தக் கதையை உயிரோடு வைத்திருந்தது பேப்பர் துண்டுகளும் தாய்மார் கையில் பிடித்திருந்த போட்டோக்களும்தான். ஒன்றும் சோடித்ததில்லை.

ரவி மாமா: அத்தான், அது பேப்பர் வாசித்த காலம். இப்போது படம் இல்லாமல் ஆர் வாசிக்கிறான்? என்னுடைய மகனே ஒரு பத்தி தாண்டமாட்டான்.

நிரு: அப்பா, நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் 🙄

பெரியப்பா: ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுற்றினோம். ஒரு செய்திக்கு அவ்வளவு பாடுபட்டால், அது உண்மையா என்று நாலு பேரிடம் கேட்காமல் விடமாட்டாய். இப்போது தட்டினால் போய்விடுகிறது.

நிரு: இங்கே வருவதை வைத்து நாட்டை எடைபோடவும் ஏலாது. 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலுக்கு முதல் இந்தக் குழுவில் வந்த காணொளிகளின்படி அநுரவின் தேசிய மக்கள் சக்திக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு ஆசனமும் இல்லை. ஆறில் மூன்று எடுத்தார்கள். எங்களுக்குப் பிடித்ததைத்தான் ஃபோன் திருப்பித் திருப்பிக் காட்டுகிறது.

ரவி மாமா: அரசியலை இதற்குள் கொண்டுவராதே.

துஷி: செம்மணியில் அரசியல் இல்லையா மாமா? 😐

லலி சித்தி (ரொறன்ரோ): சரி, சண்டை வேண்டாம். அப்ப நான் எதைப் போடுகிறது?

துஷி: தோண்டிய இடத்தில் செய்தியாளர் எடுத்த படம் பேப்பரில் வந்திருக்கிறது, திகதியும் இருக்கிறது. அதைப் போடுங்கோ சித்தி. கீழே இரண்டு வரி இங்கிலிஷிலும் எழுதுங்கோ, உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் விளங்கட்டும்.

லலி சித்தி (ரொறன்ரோ): கோயில் குழுவில் அழித்துவிட்டேன். ஆனால் அதற்குள் ஒருவர் பாட்டும் சேர்த்து ரிக்ரொக்கில் ஏற்றிவிட்டாராம்.

ரவி மாமா: எங்கே, லிங்கை அனுப்பு பார்ப்பம்.

துஷி: மாமா!!