விமான நிலைய வாசலில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டண விலக்கு தேவையா?

குடமுருட்டி:
பக்கவாதம் வந்த அப்பாவைச் சிங்கப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பப் போனோம். எந்த விமான நிலையம் என்பது இங்கே வேண்டாம். கார் கதவை முழுக்கத் திறந்து, நல்ல காலை முதலில் ஊன்ற வைத்து, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கித் திருப்பி உட்கார வைப்பதற்குள் காவலர் விசில் மேல் விசில். வெளியே வரும்போது வாசலில் வண்டி நிற்க விட்ட இலவச நேரம் தாண்டிவிட்டதென்று கட்டணம். யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உள்ளவர்களை இறக்கிவிட வரும் வண்டிக்குக் கட்டணமே கூடாது.

டெல்டா சாரதி:
தம்பி, அப்பா நல்லா இருக்கட்டும். ஆனா இதை ஒத்துக்க முடியாது. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, நாகைன்னு நம்ம சனம் முக்கால்வாசி திருச்சிக்குத்தான் வருது. ஒருத்தர் பறக்க ஒரு வேன் ஆள் வழியனுப்ப வரும். வாசல்ல ஒரு வண்டி நின்னா பின்னாடி அத்தனையும் நிக்கும். 48 மணி நேரம் முன்னாடி சொல்லிட்டா சக்கர நாற்காலியை விமானக் கம்பெனியே காசில்லாம தருது. கட்டணமும் இல்லைன்னா வண்டிக்கு வண்டி ஒரு அட்டை முளைச்சிடும்.

குடமுருட்டி:
அண்ணே, காரிலிருந்து அந்த நாற்காலி வரைக்கும் தூக்குறது நாங்கதானே? அந்த நேரத்துக்குத்தான் கேட்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:
கையாலேயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் இயக்கும்படி மாற்றிய காரை நானே ஓட்டுகிறேன். நாற்காலியைப் பக்கத்தில் இறக்க நிறுத்துமிடம் 3.6 மீட்டர் அகலம் வேண்டும்; மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளே அதைச் சொல்கின்றன. அந்த இடத்தில் வேறு யாராவது நிறுத்தியிருந்தால் நான் காரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இன்னொன்று, தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் விலக்கு, மாற்றுத்திறனாளிக்கென்றே வடிவமைத்த வண்டிக்கு. அதே விதியை இங்கேயும் வைத்தால் வாடகைக் காரில் வரும் தம்பியின் அப்பாவுக்கு ஒன்றும் கிடைக்காது. சலுகை ஆளுக்கு இருக்க வேண்டும், வண்டிக்கு அல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆச்சு. அணுகல் விதிகளைக் கட்டாயமாக்கச் சொல்லி 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. இன்னும் நாம் தயவு கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

டெல்டா சாரதி:
அம்மா, நீங்க சொல்ற நிறுத்துமிடம் நியாயம். அட்டை விஷயத்துக்கு வாங்க. பயணி உள்ள போயிட்டா அட்டையும் அவரோட போயிடும். வெளியேறுற கேட்ல நான் எதைக் காட்டுவேன்?

வெண்ணாற்றங்கரை:
நல்ல கேள்வி. டிக்கெட்டும் அடையாள அட்டையும் பார்க்கும் வாசல் காவலர் ஆளையே நேரில் பார்க்கிறார். அங்கேயே வண்டியின் நுழைவுச் சீட்டில் ஒரு முத்திரை போட்டால் போதும். போலி அட்டைக்கும் அங்கே வேலை இருக்காது.

திருவாரூர் வாசகன்:
காசு பெரிசில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகையே 2023-இல் மாதம் 2000 ரூபாயாகத்தான் உயர்ந்தது. வாடகைக் கார் பிடித்து வருகிறவருக்கு அந்தக் கட்டணமும் உறுத்தும்.

டெல்டா சாரதி:
முத்திரை போட்டா இறக்கிவிடுறதுக்கு விலக்கு கொடுக்கட்டும், சரி. ஆனா ஆளை அழைச்சிட்டுப் போக வந்து மணிக்கணக்கில் நிறுத்தி வைக்கிற வண்டிக்குக் கட்டணம் இருக்கணும். அதுல நான் மாற மாட்டேன்.

குடமுருட்டி:
விமானம் தாமதமாக இறங்கினால், அண்ணே? அதற்கும் அப்பாதான் கட்டணுமா?