விற்கப்போகும் வீட்டுக்கு வாடகை சோபா தேவையா?

மொட்டைமாடி:
நாங்கள் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டோம். பழைய வீடு காலியாகக் கிடக்கிறது, விற்கப் பார்க்கிறோம். தரகர் ஒரே பிடியாக நிற்கிறார்: காலி வீட்டைக் காட்டக் கூடாதாம். சோபா, கட்டில், விளக்கு எல்லாம் வாடகைக்கு எடுத்துப் போட்டு, படம் பிடித்த பிறகுதான் ஆளைக் கூப்பிட வேண்டுமாம். என் வீட்டுக்காரர், "வாங்குகிறவன் சுவரைத்தானே வாங்குகிறான், சோபாவையா வாங்குகிறான்?" என்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

சாவிக்கொத்து:
தரகர் சொல்வதுதான் சரி. காலி அறை பெரிதாகத் தெரியும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் அளவை ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாதபோது, "இதற்குள் இரட்டைக் கட்டில் நுழையுமா?" என்ற சந்தேகம்தான் முதலில் வரும். ஒரு கட்டிலைப் போட்டு, இரண்டு பக்கமும் நடக்க இடம் இருப்பதைக் காட்டிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. அதுவும் போக, காலி அறையில் கண்ணுக்கு வேறு வேலை கிடையாது. சுவிட்சைச் சுற்றியுள்ள கைக்கறை, ஆணி பிடுங்கிய ஓட்டை என்று குறைகளாகத் தேடிப் பிடிக்கும்.

ஓதச்சுவர்:
தேடட்டுமே! வீடு பார்க்க வருவதே அதற்குத்தானே?

இந்த அலங்காரத் தொழிலில் நடப்பதைச் சொல்கிறேன். சின்ன அறையில் அளவு குறைந்த கட்டிலைப் போடுவார்கள், அறை பெரிதாகத் தெரியும். படத்தை அகலக் கோண லென்ஸில் எடுப்பார்கள், ஹால் மைதானம் மாதிரி விரியும். இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். எனக்கு எரிச்சல் சுவர் விஷயத்தில்தான். நாலு சுவரில் ஒன்றுக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்து, அதை ஒட்டி ஒரு பெரிய சோபாவைப் போட்டிருந்தால், சோபாவை நகர்த்திவிட்டுத் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் ஓதமாக இருக்கலாம். பெயின்ட் ஓதத்தை நிறுத்தாது. உள்ளே ஏறும் நீர் ஆவியாகும்போது உப்பை மேற்பரப்பில் விட்டுப் போகும், பூச்சு கொப்புளித்துப் பொருக்காக உதிரும். அது தெரியவரும்போது விற்றவர் பணத்தோடு போயிருப்பார்.

சாவிக்கொத்து:
ஓதத்தை மறைப்பது மோசடி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நான் சொல்வது வேறு. விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கப் போகும்போது தலைவாரிக்கொண்டு போவதில்லையா? அதை யாராவது பொய் என்பார்களா?

ஓதச்சுவர்:
தலை உங்களுடையதாக இருக்கும்வரை சரி. வாடகை சோபா அந்த வீட்டுடையதே இல்லையே.

கணக்குப்பிள்ளை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இதைப் பற்றி ஆய்வே இருக்கிறது. அமெரிக்காவில் மார்க் லேன், மைக்கேல் சைலர், விக்கி சைலர் என்ற மூவர் 2015-இல் வெளியிட்டார்கள். ஒரே வீட்டைச் சுவர் நிறத்தையும் மரச்சாமான்களையும் மாற்றி மாற்றிக் கணினியில் சுற்றிக் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு "இங்கே வாழலாம்" என்ற எண்ணம் கூடியது, குறைந்தது. ஆனால் கொடுக்கத் தயாரான விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

அலங்காரத்துக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படுவது அமெரிக்கத் தரகர்கள் சங்கத்தின் 2023 கணக்கெடுப்பு. அலங்கரித்த வீட்டைத் தன் வீடாக நினைத்துப் பார்ப்பது வாங்குபவருக்கு எளிதாக இருக்கிறது என்று வாங்குபவர் தரப்புத் தரகர்களில் 81 சதவீதம் பேர் சொன்னார்கள். கவனியுங்கள், கேட்டது தரகர்களிடம். வாங்கியவர்களிடம் அல்ல.

சாவிக்கொத்து:
விலை ஏறும் என்று நான் எங்கே சொன்னேன்? இப்போது எல்லோரும் முதலில் பார்ப்பது போனில் படத்தைத்தான். நேரில் போய்ப் பார்க்கும் வீடுகளின் பட்டியலில் உங்கள் வீடு இடம்பிடிக்குமா என்பதே கேள்வி. விற்காமல் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் வரி, பராமரிப்பு, கடன் இருந்தால் வட்டி என்று கையிலிருந்துதான் போகும். அந்தக் கணக்கையும் போடுங்கள், கணக்குப்பிள்ளை.

ஒற்றைஜன்னல்:
படம் என்றதும் ஞாபகம் வருகிறது. இப்போது வாடகை சோபாகூட வேண்டாம், கணினியிலேயே சோபா போட்டுவிடுகிறார்கள். வீடு தேடியபோது நாங்களும் அப்படி ஒரு படத்தை நம்பிப் போனோம். படத்தில் கட்டில் இருந்த இடத்தில், நேரில் ஒரு தூண்! சோபாவைச் சேர்ப்பது பரவாயில்லை, தூணை அழிப்பதை என்னவென்று சொல்வது?

ஓதச்சுவர்:
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

சாவிக்கொத்து:
அதை நானும் எதிர்க்கிறேன், ஐயா. கணினியில் சாமான் போட்டால் படத்துக்குக் கீழே அப்படியே எழுதிவிட வேண்டும், காலி அறையின் படத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும். நேர்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மொட்டைமாடி:
சண்டை நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குப் பதில்தான் வரவில்லை. முதலில் எதைச் செய்ய?

கணக்குப்பிள்ளை:
செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். ஜன்னல் கண்ணாடியை இரண்டு பக்கமும் துடையுங்கள், கனத்த திரைச்சீலையைக் கழற்றுங்கள். பல்புகளைப் பாருங்கள். ஒரே ஹாலில் 2700 கெல்வின் மஞ்சளும் 6500 கெல்வின் வெள்ளையும் கலந்து எரிந்தால் படத்தில் சுவர் திட்டுத்திட்டாக வரும். ஒரே வகையாக மாற்றுங்கள். சொட்டும் குழாய், கிறீச்சிடும் கதவு இரண்டையும் விடாதீர்கள். வாசனைத் தெளிப்பான் மட்டும் வேண்டவே வேண்டாம், எதை மறைக்கிறார்கள் என்று மூக்கை உறிஞ்சத் தொடங்கிவிடுவார்கள்.

சாவிக்கொத்து:
அதோடு சின்ன பெட்ரூமில் மட்டுமாவது ஒரு கட்டில். சந்தேகம் அங்கேதான் அதிகம் வரும்.

ஓதச்சுவர்:
முழு அளவுக் கட்டிலாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மொட்டைமாடி:
சரி, ஹாலைக் காலியாகவே விடுகிறோம், சின்ன அறையில் எங்கள் பழைய கட்டிலையே கொண்டுவந்து போடுகிறோம். இன்னொரு விஷயம், குளியலறைக்கு வெளிச்சுவரில் லேசாக உப்புப் பூத்திருக்கிறது. தரகர் பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார்.

ஓதச்சுவர்:
உள்ளே குழாய் கசிகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சரிசெய்துவிட்டுச் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ட். வேலை செய்த ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், வருகிறவரிடம் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.